அந்தக் கோட்டைகளை அவர்கள் கட்டவில்லை

கேள்வி: செப்டம்பரில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். இங்கிலாந்தின் மேற்கே உள்ள வேல்ஸ் பகுதியையும் இரண்டு நாளில் பார்த்துவிட ஆசை. கோட்டைகளைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? ஐந்து லட்சம் பேர் பேசும் மொழிக்காக ஊரெல்லாம் இரு மொழிப் பலகை வைப்பது வீண் செலவு என்கிறார் என் மருமகன். சரிதானா? (கோவை வாசகி)

பதில்: முதலில் ஒரு திருத்தம். வேல்ஸ் இங்கிலாந்தின் பகுதி அல்ல. பிரிட்டனுக்குள் இருக்கும் தனி நாடு. அதன் மக்கள் அதைக் கம்ரி என்கிறார்கள். ‘வேல்ஸ்’ என்ற பெயர் ‘அந்நியர்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அந்த மண்ணிலேயே இருந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் அது. அங்கே போய், ‘இங்கிலாந்து அழகாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கோட்டைகளைப் பாருங்கள். கான்வி, கெர்னார்வன் கோட்டைகளின் முன்னால் நின்றால் யாருக்கும் மலைப்பு வரும். ஆனால் கட்டியது யார் என்று கேட்டுக்கொண்டு பாருங்கள். 1282-இல் வேல்ஸ் இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அந்த மக்களை அடக்கி வைக்க ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்ட் எழுப்பத் தொடங்கியவை இவை. கான்வியில் கோட்டைக்கு இடம் வேண்டும் என்பதற்காக, லெவெலினின் பாட்டனார் அடக்கமாகியிருந்த மடாலயத்தையே அங்கிருந்து கிளப்பி வேறிடத்துக்கு அனுப்பினார்கள். வெல்ஷ்பூல் அருகிலுள்ள போவிஸ் கோட்டையிலோ திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவியுடைய குடும்பக் கோட்டை அது.

கோட்டைகளுக்கு ஒரு நாள் போதும். இரண்டாம் நாளை என் பேச்சைக் கேட்டுச் செலவிடுங்கள்.

வடக்கே மலைகளுக்கு நடுவே ட்ராஸ்வனித் என்ற சிற்றூர். அதன் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. ஆடு மேய்த்த எல்லிஸ் எவன்ஸ் அங்கேதான் வளர்ந்தார். ஹெத் வின் என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். வேல்ஸ் மரபுக் கவிதையில் அடியின் முற்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பிற்பாதியிலும் அதே வரிசையில் வர வேண்டும் என்றொரு கட்டு உண்டு. மோனை, எதுகை பார்த்து எழுதிப் பழகியவர்களுக்கு அதன் கடினம் புரியும். அப்படி எழுதி வெல்பவருக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஐஸ்டெத்வோட் விழாவில் பரிசாக ஒரு நாற்காலி தருவார்கள். 1917 செப்டம்பரில் வென்றவரின் புனைபெயரை மேடையில் அழைத்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்முனையில் அவர் இறந்துவிட்டிருந்தார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அதைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த ஒரு தச்சர். அந்த நாற்காலி இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. வீடு திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து பாலா ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய ஏரி வரும். படம் எடுக்கத் தோன்றும். எடுப்பதற்கு முன், அந்தத் தண்ணீருக்கடியில் கப்பெல் கெலின் என்ற கிராமம் கிடக்கிறது என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957-இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. இருந்தும் நிறைவேறியது. பள்ளிக்கூடம், வழிபாட்டுக் கூடம், தபால் நிலையம், வீடுகள் எல்லாம் 1965-இல் நீருக்குள் போயின. அவ்வூர் மக்கள் வேல்ஸ் மொழியிலேயே வாழ்ந்தவர்கள். லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005-இல். கரையில் ஒரு சிறிய நினைவாலயம் இருக்கிறது. அங்கே சற்று நேரம் நில்லுங்கள்.

உங்கள் மருமகனுக்கும் அந்தக் கரையில்தான் பதில் இருக்கிறது. 1911-இல் அந்த மொழியைப் பேசியவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2021-இல் 5 லட்சத்து 38 ஆயிரம். இந்தச் சரிவு தானாக நேர்ந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில், தாய்மொழியில் பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். மாலையில் அது யார் கழுத்தில் இருந்ததோ அந்தக் குழந்தைக்கு அடி விழுந்தது. வீண் செலவு என்று அவர் சொல்லும் பலகைகளும் எளிதில் கிடைத்தவை அல்ல. ஆங்கிலம் மட்டும் இருந்த பலகைகளில் வண்ணம் பூசி, அதற்காகச் சிறைக்குப் போன இளைஞர்கள் பெற்றுத் தந்தவை அவை. நாடு முழுவதும் சொந்த மொழியில் ஊர்ப்பெயரைப் படிக்கும் உரிமைக்கு என்ன விலை போடுவது என்று அவரே சொல்லட்டும்.

இரவு பாலாவில் தங்குங்கள். அங்கே கடையில் நிற்பவர்கள் தங்களுக்குள் வேல்ஸ் மொழியில் பேசிக்கொள்வது காதில் விழும். நன்றிக்கு அவர்கள் சொல் ‘தியோல்க்’. சில்லறையை வாங்கும்போது சொல்லிப் பாருங்கள்.