மாத்திரை குறைந்தால் சிகிச்சையும் குறைந்துவிடுமா?

கேள்வி: ஏ.எல்.எல். என்னும் ரத்தப்புற்றுநோய்க்குப் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கும் என் மகனுக்கு, மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு, மெர்காப்டோப்யூரின் மாத்திரையை மிகச் சிறிய அளவில், வாரம் மூன்று நாள் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள். மற்றக் குழந்தைகள் தினமும் உட்கொள்கிறார்கள். இதனால் நோய் திரும்பி வந்துவிடாதா?

பதில்: அளவைக் குறைப்பதாலேயே மருந்தின் பலன் குறைந்துவிடாது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய இந்த மருந்து, விழுங்கும் நிலையில் செயலற்றது. உயிரணுவுக்குள் தயோகுவானின் நியூக்ளியோடைடாக மாறி, டி.என்.ஏ.வில் இடம்பிடித்த பிறகே புற்றணுவை அழிக்கிறது. மருந்தின் ஒரு பகுதியை வேறு வழியில் திருப்பிச் செயலிழக்கச் செய்வது டி.பி.எம்.டி. என்னும் நொதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதற்கான குறையுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு (ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இப்படி) அந்த வடிகால் அடைபட்டிருப்பதால், வழக்கமான அளவு மருந்து உயிரணுக்களில் பல மடங்காகத் தேங்கி, எலும்பு மஜ்ஜையை ஒடுக்கி, வெள்ளணுக்களை உயிருக்கே ஆபத்தாகும்படி குறைத்துவிடும். பத்தில் ஒரு பங்கு மருந்தை வாரம் மூன்று முறை கொடுத்தாலே இவர்களுக்குத் தேவையான அளவு உள்ளே சேர்ந்துவிடுகிறது. பிற குழந்தைகளின் மாத்திரையோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் மகனின் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே பொருத்தமான கணக்கு. மருத்துவர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைப் பார்த்துத்தான்.

தாயும் தந்தையும் தந்த இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் குறை இருந்தால், அளவு ஓரளவே குறைக்கப்படும். என்.யூ.டி.டி.15 என்னும் மற்றொரு நொதியின் குறைபாடும் இதே விளைவைத் தரும். அது ஆசியர்களிடையே கூடுதலாகக் காணப்படுவதால், டி.பி.எம்.டி. சரியாக இருக்கிறது என்னும் முடிவு ஒன்றை மட்டும் வைத்து நிம்மதி கொள்ள இயலாது.

நொதியையே அளக்காமல் ஏன் மரபணுவைப் பார்த்தார்கள் என்றும் சிலர் கேட்பதுண்டு. டி.பி.எம்.டி.யைச் சிவப்பணுக்களில்தான் அளக்கிறார்கள். சிகிச்சையின்போது ரத்தம் ஏற்றியிருந்தால், கொடையாளரின் நொதியே கணக்கில் வந்து குறையை மறைத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெற்றோர் இருவரும் தலா ஒரு குறையுள்ள பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே குறைபாடு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. குடல் அழற்சி போன்ற நோய்களுக்குத் தரப்படும் அசாதையோப்ரின் உடலுக்குள் மெர்காப்டோப்யூரினாகவே மாறுவதால், அவர்களுக்கு என்றேனும் அம்மருந்து தேவைப்பட்டால், இந்தப் பரிசோதனை முடிவை அந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.