சஸ்காட்சுவான் சிற்றூருக்குக் குடும்பத்தோடு வரலாமா?

தம்பி, கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, தமிழர் ஒருவரும் இல்லை, மனைவி பிள்ளைகளோடு போய் ஒட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் வேலை, வீடு, போன் என்று இருந்துவிட்டால் முடியாது. அந்த ஊர்கள் உண்டான விதம் அப்படி.

1872-ல் வந்த சட்டப்படி அரசாங்கத்திடம் 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருடம் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது காட்டினால்தான் பட்டா. ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று அளந்து 36 பிரிவுகளாக்கினார்கள். அதில் 11, 29 என்ற இரண்டையும் விற்று வரும் பணம் பள்ளிக்கூடங்களுக்கு. இன்றும் விவசாயிகள் தங்கள் நிலத்தை அந்த எண்களில்தான் சொல்வார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. அது யாருமில்லாத பூமி அல்ல. கிரீ, சோட்டோ, அசினிபாய்ன் என்ற பூர்வகுடி மக்களோடு அரசாங்கம் 1874-லும் 1876-லும் ஒப்பந்தம் போட்டு, அவர்களை ரிசர்வ் என்ற தனி நிலப்பகுதிகளுக்குள் ஒதுக்கிய பிறகுதான் இந்தப் பட்டாக்கள் வந்தன. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளருங்கள்.

குடியேற வந்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்து உக்ரைனியர், ஜெர்மானியர், 1899-ல் டூகோபர்கள் என்ற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவினர் ஏழாயிரத்துக்கும் மேல். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. சீனர்கள் பல ஊர்களில் உணவகம் நடத்தினார்கள். கனடாவுக்குள் வரும் சீனருக்கு 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி என்பதால் குடும்பத்தை அழைத்துவர முடியாமலே பலர் முதுமையடைந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

எந்த வசதியும் தானாக வந்து சேரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூடி, தங்களுக்குள் வரி போட்டு, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் கட்டி, நிர்வாகிகளையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கோதுமைக்கு நியாயமான எடையும் விலையும் கிடைக்கவில்லை என்று 1901-ல் இந்தியன் ஹெட் என்ற ஊரில் சங்கம் வைத்தார்கள். கோதுமை ஏற்ற ரயில் பெட்டி ஒதுக்குவதில் பாரபட்சம் என்று சின்டலூட்டா என்ற ஊரில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1924-ல் சொந்தக் கூட்டுறவான வீட் பூல் மூலமே கோதுமை விற்க ஆரம்பித்தார்கள். டாக்டர் இல்லாத ஊர்களில் வரிப் பணத்தில் சம்பளம் பேசி ஒருவரை அமர்த்தினார்கள். அந்தப் பழக்கம் வளர்ந்துதான் 1962 ஜூலை 1-ல், டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் நிற்காமல், எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு இந்த மாகாணத்தில் வந்தது. கனடா முழுக்கப் பரவியது அப்புறம்தான்.

நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகும் பெரியவர்களில் பலர் அந்த ஒற்றை அறைப் பள்ளிகளில் படித்தவர்கள். எந்தப் பள்ளி என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். ஊர் நூலகத்தில் தடிமனான ஊர் வரலாற்றுப் புத்தகம் இருக்கும். மாகாணத்தின் 75-ஆம் ஆண்டான 1980-ஐ ஒட்டிப் பல ஊர்கள் வெளியிட்டவை. குடும்பத்துக்கு ஒன்றிரண்டு பக்கம்: எங்கிருந்து வந்தார்கள், எந்த எண் நிலம், எத்தனை பிள்ளைகள். படித்துவிட்டு வேலைக்குப் போனால் பெயர்களெல்லாம் தெரிந்த பெயர்களாக இருக்கும்.

வந்த வாரமே கோ-ஆப் என்ற கூட்டுறவுக் கடையில் உறுப்பினராகுங்கள். நீங்கள் வாங்கியதற்கு ஏற்றபடி லாபத்தில் பங்கு வரும், பொதுக்கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு. அறுவடை முடிந்ததும் ஊர் ஹாலில் விருந்து நடக்கும். வான்கோழி, கொழுக்கட்டை மாதிரியான பெரோகி, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, வரிசையாகப் பை (pie) என்ற இனிப்புப் பலகாரங்கள். வசூல் ஹாலின் செலவுக்கோ தேவாலயத்துக்கோ போகும். சாப்பிட மட்டும் போகாதீர்கள். மத்தியானமே போய் மேசை போட, உருளைக்கிழங்கு உரிக்க நில்லுங்கள். கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூச்சப்பட்டுக்கொண்டு உங்களைக் கூப்பிடாமல் இருப்பார்கள்.

இன்னொன்று. எலிவேட்டர் என்ற, தானியம் சேமிக்கும் உயரமான மரக் கிடங்குகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன, பிள்ளைகள் குறைந்து பல ஊர்ப் பள்ளிகள் மூடிவிட்டன. அதனால் உங்கள் பிள்ளைகள் வருவது அவர்களுக்கும் பெரிய விஷயம். கையெழுத்துப் போடுமுன் பள்ளி எந்த வகுப்பு வரை, மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவிடுங்கள். புளி, பருப்பு, இட்லி அரிசி மாகாணத்தின் பெரிய நகரமான சாஸ்கட்டூனில் கிடைக்கும், மாதம் ஒருமுறை போய் வந்தால் போதும்.