வீட்டு மின்சார ஆலோசகருக்கு விஷயம் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: வடசென்னையில் இருக்கிறோம். கரண்ட் பில்லைக் குறைத்துத் தருகிறோம் என்று எனர்ஜி கன்சல்டன்ட்கள் வீடு தேடி வருகிறார்கள். யாரை நம்புவது?

சான்றிதழைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏசி, ஃபிரிட்ஜில் இருக்கும் ஸ்டார் ஸ்டிக்கருக்குப் பொறுப்பான மத்திய அரசின் பி.இ.இ. அமைப்புதான், மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஆராய்ந்து சொல்லும் எனர்ஜி ஆடிட்டருக்கான தேர்வும் நடத்துகிறது. நாலு தாள். தேறியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பாய்லர், ஃபர்னஸ், கம்ப்ரசர் என்று தொழிற்சாலைப் பாடமே அதில் அதிகம். மணலியில் ஒரு ஆலையை அலசத் தெரிந்தவருக்குத் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் தண்டையார்பேட்டை ஸ்டோர் வீட்டு வயரிங் பிடிபடும் என்று சொல்ல முடியாது. வயரிங்கில் கை வைப்பவரிடம் மின் உரிம வாரியத்தின் லைசென்ஸைக் கேட்க வேண்டும், அது தனி.

வந்தவர் முதலில் எங்கே போகிறார் என்று பாருங்கள். வேலை தெரிந்த ஆள் நேராக மீட்டர் பெட்டிக்குப் போவார். உங்கள் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, மீட்டரில் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டுகிறதா என்று நின்று பார்ப்பார். சிமிட்டினால் உங்கள் மீட்டர் வழியாக வேறெங்கோ கரண்ட் போகிறது என்று அர்த்தம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரே கட்டடத்தில் நாலைந்து குடித்தனம், ஒவ்வொரு போர்ஷனும் வாடகைக்குப் போகும்போது அவசரத்துக்கு இழுத்த வயர்கள். மாடிப்படி லைட்டும் பொது மோட்டாரும் உங்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இதைப் பார்க்காமல் கூடத்தில் உட்கார்ந்து "ஏசியை மாத்துங்க சார்" என்பவர் விற்க வந்தவர்.

அடுத்து, கணக்குப் போடச் சொல்லுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவு. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். இதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாதவர் "பாதி பில் குறையும்" என்றால் நம்பாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். இது தெரியாதவர் தமிழ்நாட்டு வீட்டு பில்லை ஒழுங்காகப் படித்ததில்லை.

பிளக்கில் செருகும் 'பவர் சேவர்' டப்பாவைச் சிபாரிசு செய்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது சரி செய்வதாகச் சொல்லும் பவர் ஃபேக்டருக்கு (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற கணக்கு) வீட்டு இணைப்பில் யாரும் பணம் வாங்குவதில்லை. நாம் கட்டுவது யூனிட்டுக்கு.

சோலார் பேசுகிறவர் என்றால் மொட்டை மாடிக்கு ஏறியாக வேண்டும். பக்கத்து மூன்று மாடிக் கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது, காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றுக்கு ஸ்டாண்ட் என்ன இரும்பு, எண்ணூர்ப் பக்கத் தூசியை யார் துடைப்பது, இதையெல்லாம் அவரே கேட்க வேண்டும். கீழேயே நின்று மத்திய அரசின் 78,000 ரூபாய் சோலார் மானியத்தைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு அவர் வேண்டாம். அந்தத் தொகை 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுபவர்களுக்குத்தான், நம் மாடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கடைசியாக, அவர் ஏற்கெனவே பார்த்துக் கொடுத்த வீட்டின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மே, ஜூன் பில்லுக்குப் பக்கத்தில் டிசம்பர் பில்லை வைத்துக் காட்டினால் ஏற்காதீர்கள். மழைக்காலத்தில் ஏசி ஓடாததாலேயே பில் இறங்கிவிடும். போன வருடம் இதே இரண்டு மாத பில் எங்கே என்று கேளுங்கள்.