ஆஸி பாடாத பத்தும் சாபத்தான்

கேள்வி: பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்களை, மோசமானதில் தொடங்கிச் சிறந்ததில் முடிகிற மாதிரி வரிசைப்படுத்தித் தாருங்கள். ஒரே நிபந்தனை: ஆஸி ஆஸ்போர்ன் பாடாததைச் சேர்க்கக் கூடாது. ஆஸி இல்லாத சாபத், சாபத்தே இல்லை. அதிலும் டோனி மார்ட்டின் காலத்து ஆல்பங்களை எல்லாம் யார் சார் கேட்கிறார்கள்?
— ஒரு வாசகர், கோவை

பதில்: யார் கேட்கிறார்கள் என்பது இருக்கட்டும், நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தைப் பார்த்தால் கேட்ட மாதிரி தெரியவில்லை. முழுத் தப்பும் உங்கள் மேல் இல்லை. மார்ட்டின் பாடியவற்றில் நான்கு ஆல்பங்கள் பல வருஷம் சுலபத்தில் கைக்குக் கிடைக்காமல் இருந்தன. 2024-ல்தான் நான்கும் ஒரே பெட்டியாக மறுபடி வெளிவந்தன. அதுவரை, கேட்காதவர் ஒருவர் போட்ட பட்டியலைப் பார்த்துக் கேட்காத இன்னொருவர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டியலில் இருந்தே தூக்கச் சொல்கிறீர்கள்.

நிபந்தனையை ஏற்பதற்கில்லை. கணக்கைப் பாருங்கள். 1970-லிருந்து 2013 வரை 19 ஆல்பங்கள். ஆஸி பாடியவை 9, மார்ட்டின் 5, ரோனி ஜேம்ஸ் டியோ 3, இயன் கில்லனும் க்ளென் ஹியூஸும் ஆளுக்கு ஒன்று. பத்தொன்பதிலும் இருப்பவர் ஒரே ஒருவர், கிதார் வாசிக்கும் டோனி அயோமி. ஆஸியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பாடி ரசிகர்களிடம் விடைபெற்று, அதே மாதம் 22-ஆம் தேதி கண்ணை மூடியவர் அவர். ஆனால் அவர் வாயில் நாம் கேட்ட வரிகளில் பெரும்பாலானவை பேஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர் எழுதியவை. 'அயர்ன் மேன்' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கிதார் எந்தப் படியில் ஏறி எந்தப் படியில் இறங்குகிறதோ, அதே படிகளில்தான் குரலும் ஏறி இறங்குகிறது. வழி போட்டவர் அயோமி. ஆகவே என் அளவுகோல் அவருடைய ரிஃப், அதாவது ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு. கூட இருந்தவர்கள் அதற்கு இடம் கொடுத்தார்களா, கெடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி.

சரி, அடியிலிருந்து வருவோம். 19-வது இடம் 'ஃபர்பிடன்' (1995). மார்ட்டின் பாடியதுதான், சந்தோஷமா? பாடி கவுன்ட் குழுவின் எர்னி சி தயாரிப்பு, முதல் பாட்டில் ராப் பாடகர் ஐஸ்-டி வந்து பேசிவிட்டுப் போகிறார். கோஸி பவல் மாதிரி ஒரு டிரம்மரை வைத்துக்கொண்டு டிரம்ஸை அட்டைப்பெட்டி சத்தத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒலி பிடிக்காமல்தான் பல வருஷம் கழித்து அயோமியே உட்கார்ந்து இதை மறுபடி மிக்ஸ் செய்தார். புது மிக்ஸில் ஆல்பம் எழுந்து உட்காருகிறது, நடக்கவில்லை.

18-ல் யார் தெரியுமா? உங்கள் ஆஸி. 'டெக்னிக்கல் எக்ஸ்டஸி' (1976). மயாமி ஸ்டுடியோவில் பக்கத்து அறையில் ஈகிள்ஸ் குழுவினர் பதிவு செய்துகொண்டிருந்தார்கள், இவர்கள் போட்ட சத்தம் சுவரைத் தாண்டிப் போய் அவர்கள் வேலையை நிறுத்த வேண்டி வந்தது. ஆல்பத்தில் அந்தச் சத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 17, 'செவன்த் ஸ்டார்' (1986). அயோமி தனி ஆல்பமாகத்தான் செய்தார், மேனேஜர் தரப்பு நெருக்கியதால் சாபத் பெயர் ஏறியது. ஹியூஸ் அருமையாகப் பாடியிருக்கிறார், வேறொரு குழுவின் ஆல்பத்தில்! 16 'நெவர் சே டை' (1978), மறுபடி ஆஸி. இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. இந்த ஆல்பத்தில் 'ஸ்விங்கிங் தி செயின்' பாட்டைப் பாட ஆஸி மறுத்துவிட, டிரம்மர் பில் வார்டு பாடினார். 'டெக்னிக்கல் எக்ஸ்டஸி'யின் 'இட்ஸ் ஆல்ரைட்' பாட்டும் வார்டு பாடியதுதான். உங்கள் சட்டப்படி இந்த இரண்டு பாட்டும் சாபத்தா, இல்லையா? பதில் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

15 'டீர்' (1990), 14 'கிராஸ் பர்பசஸ்' (1994). இரண்டும் ஒரு தடவை கேட்டால் மரியாதை வரும், தினமும் கேட்கத் தோன்றாது. 13 'தி எடர்னல் ஐடல்' (1987). முதலில் ரே கில்லன் என்பவர் முழுசாகப் பாடிவிட்டுக் கிளம்பிப் போனார், அதே இசையின் மேல் மார்ட்டின் புதிதாக வந்து பாடினார். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிற நிலைமை. 'தி ஷைனிங்' பாட்டில் அது தெரியவே இல்லை.

12-ல் '13' (2013). எண்களைப் போட்டுக் குழப்புகிறேன் என்று நினைக்காதீர்கள், ஆல்பத்தின் பெயரே அதுதான். ஆஸி திரும்பி வந்தார், பிரிட்டனில் 'பேரனாய்ட்' (1970) ஆல்பத்துக்குப் பிறகு முதல் தடவையாக முதலிடம், அமெரிக்காவில் வாழ்நாளிலேயே முதல் தடவையாக முதலிடம். இவ்வளவு இருந்தும் ஏன் 12? தயாரிப்பாளர் ரிக் ரூபின் இவர்களை உட்கார வைத்து 1970-ன் முதல் ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார், இவர்களும் கேட்டார்கள், பிறகு அதையே வாசித்துவிட்டார்கள். முதல் பாட்டு அந்தப் பழைய 'பிளாக் சாபத்' பாட்டின் நிழல். 'சைட்கைஸ்ட்', 'பிளானட் கேரவன்' பாட்டின் நிழல். கடைசியில், முதல் ஆல்பம் தொடங்குகிற அதே மழையும் மணியும் வேறு. பில் வார்டு ஒப்பந்தத் தகராறில் வரவில்லை. அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், தாளத்துக்குள் ஓர் ஆட்டம் வைத்திருப்பார். அவர் இடத்தில் வாசித்த பிராட் வில்க் கணக்குத் தப்பாதவர். அந்த ஆட்டம் மட்டும் இல்லை. ஆஸி இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இந்த ஆல்பத்தை முதல் ஆல்பத்தோடு அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

11 'பார்ன் அகெய்ன்' (1983). டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் பாடியது. மிக்ஸ் சேறு, அட்டையில் கொம்பு முளைத்த குழந்தை, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி மேடைக்குச் செய்த கற்களோ பல அரங்கங்களுக்குள் நுழையவே இல்லை. ஆனால் 'ஜீரோ தி ஹீரோ' ரிஃப்பை அந்தச் சேற்றாலும் மூட முடியவில்லை. 10 'டீஹ்யூமனைஸர்' (1992). டியோ திரும்பி வந்த கோபமான ஆல்பம். ஆஸி அப்போது, 1992-ல், அறிவித்த விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் வந்து வாசிக்க மாட்டேன் என்று டியோ கிளம்பிவிட்டதில் அந்தச் சேர்க்கையும் உடைந்தது.

9-ல் கொஞ்சம் நிற்போம். 'ஹெட்லெஸ் கிராஸ்' (1989), யார் கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்ட மார்ட்டின் பாடியது. முழுக்கச் சாத்தான், மரணம், கொள்ளைநோய் என்று போகிற வரிகளில் கொஞ்சம் நாடகத்தனம் உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தலைப்புப் பாட்டில் பவல் டிரம்ஸில் அடியெடுத்துக் கொடுக்க, அயோமி அவசரமே இல்லாமல் அந்த ரிஃப்பை இறக்கி வைக்கும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு இது சாபத் இல்லை என்று சொல்ல எந்தக் காதாலும் முடியாது. 'வென் டெத் கால்ஸ்' பாட்டில் குவீன் குழுவின் பிரையன் மே வந்து சோலோ வாசித்திருக்கிறார். மேலே சொன்ன இரண்டு எழுபதுகளின் ஆஸி ஆல்பங்களைவிட இது பல படி மேல்.

இனி மேலே இருப்பவை எல்லாம் தங்கம், சண்டை வரிசையில் மட்டும்தான். 8 'மாப் ரூல்ஸ்' (1981). 7 'வால்யூம் 4' (1972), லாஸ் ஏஞ்சலீஸில் மாளிகை எடுத்துத் தங்கிச் செய்தது. ஆல்பத்துக்குச் செலவழித்ததைவிடக் கொக்கெய்னுக்குச் செலவழித்தது அதிகம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'சூப்பர்நாட்' ஒன்றுக்காகவே இதை மன்னிக்கலாம். 6 'சாபத் பிளடி சாபத்' (1973). 5 'பிளாக் சாபத்' (1970). ஏறத்தாழ ஒரே நாளில் பதிவு செய்த முதல் ஆல்பம். மழை, மணி, அப்புறம் அந்த மூன்று சுரம். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். கல்யாணியில் கேட்டால் கண்ணை மூடி ரசிக்கிற அதே பிரதி மத்யமம் இங்கே முதுகில் குளிர் ஏற்றுகிறது.

3-வது 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980). ஆஸியை அனுப்பிவிட்டார்கள், கதை முடிந்தது என்று ஊரே பேசியபோது டியோ வந்தார். ரிஃப்பின் மேலேயே நடக்காமல் அதற்குக் குறுக்காக ஒரு மெட்டைக் கட்டிப் பாடத் தெரிந்தவர். அதனால் அயோமி வாசிப்பே மாறியது. 2 'சாபட்டாஜ்' (1975). பழைய மேனேஜரோடு வழக்கு, பகலில் வக்கீல், இரவில் ஸ்டுடியோ. அந்த எரிச்சல் அப்படியே டேப்பில் இருக்கிறது. பின்னால் த்ராஷ் மெட்டல் என்று வந்த அதிவேக வகைக்கு விதை 'சிம்ப்டம் ஆஃப் தி யுனிவர்ஸ்' பாட்டில் விழுந்தது. ஆஸியே வரி எழுதிய அபூர்வப் பாட்டான 'தி ரிட்' இதில்தான் இருக்கிறது. ஆஸி ரசிகர் என்று சொல்லிக்கொண்டு 'பேரனாய்ட்' மட்டும் கேட்கிறவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

முதலிடம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971). முப்பத்து நாலு நிமிஷம்தான். அயோமிக்குப் பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரம் வெட்டிவிட்டது. அவர் இடதுகைக்காரர், அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். இந்த ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கம்பியை மூன்று அரைச்சுரம் இறங்கும்படி தளர்த்தியே விட்டார். விரலுக்கு வலி குறைந்தது, ஒலி பாதாளத்துக்குப் போயிற்று. 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டு தி வாய்ட்' இரண்டையும் கேட்டால் புரியும். பிறகு வந்த டூம், ஸ்டோனர் என்ற கனத்த மெட்டல் வகையறா முழுக்க இந்தத் தளர்ந்த கம்பியில்தான் தொங்குகிறது. நடுவில் 'சாலிட்யூட்' என்று ஒரு மெல்லிய பாட்டு. ஆஸி அதில் அடங்கிப் பாட, அயோமி புல்லாங்குழல் வாசிக்கிறார்.

'பேரனாய்ட்' (1970) எங்கே என்று பேனாவை எடுத்திருப்பீர்கள். 4-வது இடம். 'வார் பிக்ஸ்', 'அயர்ன் மேன்', 'பிளானட் கேரவன்' எல்லாம் ஒரே ஆல்பத்தில் இருப்பது உண்மை, இவர்களை உலகத்துக்குக் கொண்டுபோனது இதுதான் என்பதும் உண்மை. ஆனால் தலைப்புப் பாட்டு, ஆல்பத்தில் நேரம் பற்றாமல் இடத்தை நிரப்பச் சில நிமிஷத்தில் போட்டது. ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வார் பிக்ஸ்'. கடைசி நேரத்தில் கம்பெனி பெயரை மாற்றியது, படத்தை மாற்றவில்லை. அட்டையில் கையில் வாளும் கேடயமுமாக ஓர் ஆள் இருட்டில் பாய்ந்து வருவதற்கும் 'பேரனாய்ட்' பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் எப்போதாவது யோசித்திருந்தால், ஒரு சம்பந்தமும் இல்லை.