பின் கியர் கறகறக்கிறதா? திருகைத் தொடுமுன் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: சைக்கிள்

கேள்வி: ஐயா, கொழும்பில் பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கி, ரயிலில் பொதியாகப் போட்டு மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தேன். பின்னால் 9 பற்சில்லுகள் உள்ளன. பெரிய பற்சில்லுகளுக்கு ஏற்றும்போது செயின் சரியாக ஏறுகிறது. சிறியவற்றுக்கு இறக்கும்போது ஒரு சொடுக்குக்கு இறங்காமல் நின்று, அடுத்த சொடுக்கில் இரண்டு பல்லாக விழுகிறது. நடுப் பற்சில்லுகளில் கறகறவென்ற ஓசை ஓய்வதில்லை. ஒரு கடையில் மூன்று முறை திருகுகளைத் திருப்பித் தந்தார்கள்; கேபிளையும் அதன் உறையையும் புதிதாகப் போட்டார்கள். பாலத்தைத் தாண்டுவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கல்லடி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி, ஏற்றம் சரியாக இருக்கிறது, இறக்கம்தான் தடுமாறுகிறது என்பது. பின்சக்கரத்தருகே தொங்கி, செயினை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கருவியே கியர் மாற்றி. பெரிய பற்சில்லை நோக்கி அதை இழுப்பது உங்கள் விரலின் பலம். சிறியதை நோக்கி அதைத் திரும்பக் கொண்டுவருவது அதனுள் இருக்கும் சுருள்வில் மட்டுமே. கேபிள் தன் உறைக்குள் எங்கேனும் இறுகி உரசினால், விரல் அந்த உராய்வை வென்றுவிடும், வில்லால் வெல்ல முடியாது. ஆகவே செயின் தயங்கி நின்று, அடுத்த சொடுக்கின் தளர்வும் சேர்ந்த பிறகு இரண்டு பல்லாக விழுகிறது. இது திருகால் தீரும் குறையன்று. இறக்கத்தைச் சீராக்கத் திருப்பினால் ஏற்றம் கெடும். ஏற்றத்துக்காகத் திரும்பவும் திருப்பினால் இறக்கம் கெடும். கடையில் மூன்று முறையும் இதுவே நடந்திருக்க வேண்டும்.

1984 இல் ஷிமானோ நிறுவனம் டியூரா-ஏஸ் என்ற தன் பந்தயச் சைக்கிள் உதிரிப்பாகத் தொகுதியில் சொடுக்குமுறைக் கியரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான பந்தயச் சைக்கிள்களில், ஓட்டுபவரே ஓசையைக் காதால் கேட்டு, கியர் நெம்பை மயிரிழை முன்பின் நகர்த்திச் செயினைப் பற்சில்லின் நடுவில் நிறுத்துவார்; கேபிளில் சிறு குறை இருந்தாலும் கை அதை ஈடுசெய்துவிடும். ஒரு சொடுக்குக்கு ஒரு பற்சில்லு என்று வந்தபின் அந்த ஈடு போய்விட்டது. 9 பற்சில்லுத் தொகுதியில் ஒன்றன் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 4.35 மில்லிமீற்றர்தான் இருக்கிறது. செயினின் அகலமோ 6.6 மில்லிமீற்றர் அளவு. கியர் மாற்றி அரை மில்லிமீற்றர் விலகி நின்றாலும் செயின் பக்கத்துச் சில்லில் உரசக்கூடும். உங்களுக்குக் கேட்கும் ஓசை அதுவே.

முதலில் கேபிளைச் சோதியுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, மிதியைச் சுற்றிச் செயினை மிகப் பெரிய பற்சில்லில் ஏற்றுங்கள். பிறகு மிதியையும் சக்கரத்தையும் அசைக்காமல், நெம்பை மட்டும் கடைசிவரை இறக்கிச் சொடுக்குங்கள். கேபிள் தளர்ந்துவிடும். கேபிள் சட்டத்துக்கு வெளியே செல்லும் சைக்கிளாயின், பிளவுள்ள தாங்கிகளிலிருந்து உறைத் துண்டுகளைக் கழற்றிக் கேபிளின்மேல் முன்பின்னாக நகர்த்திப் பார்க்கலாம். அவை தடையின்றி வழுக்க வேண்டும். பின்சக்கரத்தருகே வளைந்து செல்லும் கடைசித் துண்டில்தான் பெரும்பாலும் பிடி இருக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் உங்கள் ஊரில் உப்புக் காற்றும், மாரியில் சக்கரம் வாரியிறைக்கும் மணற்சேறும் முதலில் நுழைவது அங்கேதான்.

உறை புதிது என்கிறீர்கள். ஆனால் எந்த உறை? பிறேக்குக்கு உரிய உறையும் கியருக்கு உரிய உறையும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய முனையைப் பாருங்கள்: பிறேக் உறைக்குள் தட்டையான கம்பி சுருள்சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும், பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் தடிப்பு, கியர் உறைக்குள் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் 4 மில்லிமீற்றர். சுருள் உறை, கேபிள் இழுபடும்போது சற்றே நசுங்கும். ஹாண்டிலைத் திருப்பினாலும் அதன் நீளம் மாறும். பிறேக்குக்கு அது பொருட்டன்று. சொடுக்குமுறைக் கியருக்கு அதுவே போதும், கடை வாசலில் சரியாக நின்றது பாலத்தில் குலைந்து போவதற்கு. உறையின் முனைகள் நேராக வெட்டப்பட்டுச் சிறிய தொப்பிகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். நானும் ஒருமுறை அரை நாள் முழுவதும் திருகோடு மல்லுக்கட்டியபின், ஒரு முனையில் அந்தத் தொப்பியே இல்லை என்பதைக் கண்டேன்.

இவை சரியாக இருந்தும் ஓசை நிற்காவிட்டால், அடுத்த சந்தேகம் ரயில் பயணம். கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய கொளுவி, சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தாலோ அதன்மேல் மூட்டை ஏறினாலோ உள்ளே வளைந்துவிடும். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்: கியர் மாற்றியில் செயின் சுற்றிவரும் இரண்டு சிறு கப்பிகளும் பற்சில்லுகளோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், கீழ்க்கப்பி சக்கரக் கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருந்தால் கொளுவி வளைந்துள்ளது. சிறிய பற்சில்லுகளில் சரிசெய்தால் பெரியவற்றில் பிழைப்பதும், பெரியவற்றில் சரிசெய்தால் சிறியவற்றில் பிழைப்பதும் இதன் அடையாளம். இதை அளப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. கொளுவியில் பூட்டி, அதன் கோலைச் சக்கர விளிம்பின் நான்கு இடங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அக்கருவி இல்லாத இடத்தில் ஓர் உபாயம் சொல்கிறேன். கொளுவியின் புரி 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்டது. நெம்பால் இறுக்கும் வகைப் பின்சக்கரங்கள் பலவற்றின் அச்சிலும் அதே புரிதான். ஆகவே கியர் மாற்றியைக் கழற்றிவிட்டு, நண்பரின் பின்சக்கரம் ஒன்றின் அச்சுமுனையைக் கொளுவியில் மெதுவாகப் பூட்டினால், இரண்டு சக்கரங்களும் அருகருகே நிற்கும். விளிம்புகளுக்கிடையிலான தூரம் மேலும் கீழும், முன்னும் பின்னும் சமமாக இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளக்கலாம், அந்தச் சக்கரத்தையே பிடித்து மெல்ல நிமிர்த்தவும் செய்யலாம். அலுமினியக் கொளுவியைப் பலமுறை முன்பின் வளைக்காதீர்கள், வெடித்துவிடும். இனி ரயிலில் அனுப்பும்போது இடப்பக்கம் கீழே இருக்கும்படி கிடத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின்னரே திருகு. கியர் மாற்றியில் உறை வந்து பொருந்தும் உருளைத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். மிகச் சிறிய பற்சில்லிலிருந்து ஒரு சொடுக்குக்குச் செயின் ஏறத் தயங்கினால் அதை வெளியே கழற்றும் திசையிலும், இரண்டு பல் தாண்டினால் உள்ளே பூட்டும் திசையிலும் திருப்புங்கள். மற்ற இரண்டு எல்லைத் திருகுகள் செயின் சக்கரக் கம்பிக்குள்ளோ சட்டத்தின் பக்கமோ விழாமல் தடுக்க மட்டுமே உள்ளவை. நடுக் கியர்களின் ஓசைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மேற்கப்பி பக்கவாட்டில் சற்று ஆடுவதைக் கண்டு அது தேய்ந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பல கியர் மாற்றிகளில் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

கேள்வி: புதுச் செயின் மாற்றியதிலிருந்து நடுவிலுள்ள இரண்டு பற்சில்லுகளில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது செயின் வழுகிப் பாய்கிறது. மற்றவற்றில் குறையில்லை. செயின் பிழையா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: செயின் பிழையன்று, அந்த இரண்டு பற்சில்லுகளும் தேய்ந்துவிட்டன. மலைநாட்டில் ஓடுபவர் எல்லாக் கியரையும் பயன்படுத்துவார். நம் பக்கத்திலோ மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை வீதி மேசைபோல் கிடக்கிறது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே மிதிக்கும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தால் ஒரு பல் ஏற்றுவோம், அவ்வளவுதான். தேய்மானம் முழுவதும் இரண்டு மூன்று சில்லுகளிலேயே சேர்கிறது. நீண்டுபோன பழைய செயின், தேய்ந்த பல்லோடு சேர்ந்தே தேய்ந்ததால் பொருந்தி ஓடியது, புதியது பொருந்தவில்லை. பற்சில்லுத் தொகுதியை மாற்றத்தான் வேண்டும். அடுத்த முறை செலவைக் குறைக்க, 12 அங்குல அடிமட்டத்தைச் செயினில் வையுங்கள். ஓர் ஆணியின் நடுவைப் பூச்சியத்தில் வைத்தால், புதுச் செயினில் இன்னோர் ஆணியின் நடு சரியாக 12 இல் நிற்கும். அங்குலத்தில் 16 இல் ஒரு பங்கு தாண்டியதும் செயினை மாற்றிவிட்டால் பற்சில்லுகள் தப்பும். 8 இல் ஒரு பங்குவரை விட்டால் பெரும்பாலும் அவையும் போய்விடும். வாங்கும்போது உங்கள் பற்சில்லுகளின் எண்ணிக்கையைச் சொல்லியே வாங்குங்கள். 8 இற்கு உரிய செயின் 9 இற்கு அகலம் கூடியது. அது பக்கத்துச் சில்லில் உரசும்.

கேள்வி: ஓசையை அடக்கச் செயினுக்குக் கழிவு ஒயில் விடலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஓசை அன்றைக்கு அடங்கும். ஆனால் எஞ்சினிலிருந்து வடித்த ஒயிலில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். அதன் பசையில் கடற்கரை மணலும் ஒட்டிக்கொண்டால் செயினை அரம் போல் அராவிவிடும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் செயினைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துளி மெல்லிய புது ஒயில் விடுங்கள். இரவு விட்டுவைத்து, காலையில் வெளிப்புறத்தில் மிஞ்சியதைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்; கண்ணிகளுக்கு உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது மணலைப் பிடிக்கும்.