ஈமேக்ஸில் ஸ்கேன் புத்தகங்கள் மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வது?

கேள்வி: திருவல்லிக்கேணியில் தங்கியிருக்கும் ஆய்வு மாணவி நான். நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான தமிழ்ப் பதிப்புகளின் ஸ்கேன் பிரதிகளை ஈமேக்ஸ் உரைத்திருத்தியிலேயே ஒரு பாதியில் திறந்து வைத்துக்கொண்டு, மறுபாதியில் குறிப்பெடுக்கிறேன். அதே பிடிஎஃப் கோப்பு வேறு செயலியில் தெளிவாக இருக்கிறது. ஈமேக்ஸில் மட்டும் மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கினால் இன்னும் மங்குகிறது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சில இடங்களில் சொல்ல முடியவில்லை. டெபியன் லினக்ஸ் மடிக்கணினியோடு 1920×1080 பிக்சல் கொண்ட 24 அங்குல மானிட்டர் ஒன்றை இணைத்திருக்கிறேன். ரிச்சி தெருவில் விசாரித்தபோது 4கே மானிட்டர் வாங்கச் சொன்னார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதே திரையில் அதே கோப்பு வேறொரு செயலியில் தெளிவாகத் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே குறை திரையில் இல்லை, பக்கத்தின் படத்தை ஈமேக்ஸ் உருவாக்கும் விதத்தில் இருக்கிறது.

ஈமேக்ஸ் பிடிஎஃப் பக்கத்தைத் தானே வரைவதில்லை. 2009-இல் வெளியான 23-ஆம் பதிப்பிலிருந்து அதனுடன் சேர்ந்தே வரும் டாக்வியூ என்ற பகுதி, கோஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது மியூபிடிஎஃப் என்ற வெளி நிரலிடம் கோப்பைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு பிஎன்ஜி படமாக மாற்றி வாங்கி, அந்தப் படத்தைத்தான் உங்களுக்குக் காட்டுகிறது. படத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது டாக்-வியூ-ரெசல்யூஷன் என்ற மாறி, அதாவது நாம் மாற்றக்கூடிய ஓர் அமைப்பு. யாரும் மாற்றாத வரை அதன் மதிப்பு அங்குலத்துக்கு 100 பிக்சல். நீங்கள் கூட்டல் விசையை அழுத்திப் பெரிதாக்கும்போது பக்கம் மறுபடி வரையப்படுவதில்லை, முன்பே எடுத்த அந்தப் படம் இழுத்து விரிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மற்றச் செயலிகள் ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் பக்கத்தைப் புதிதாக வரைவதால் அவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இதில் தமிழ்ப் புத்தகங்களுக்குக் கூடுதலாக ஒரு பாதகம் உண்டு. நம் புத்தகங்களில் பல டெம்மி அளவு, அதாவது ஏறத்தாழ 5.5 அங்குல அகலமும் 8.5 அங்குல உயரமும் கொண்டவை. அங்குலத்துக்கு 100 பிக்சல் என்ற கணக்கில் அந்தப் பக்கம் 550 பிக்சல் அகலமுள்ள படமாகிறது. டாக்வியூ ஒரு பக்கத்தைத் திறந்ததும் காட்டும் இயல்பான அகலமோ 850 பிக்சல். எனவே நீங்கள் ஒரு விசையையும் தொடுவதற்கு முன்பே படம் ஒன்றரை மடங்குக்கு மேல் விரிக்கப்பட்டுவிடுகிறது. இல்லாத 300 பிக்சல்களை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து இட்டு நிரப்புகிறது. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம் என்பதால் அதன் படம் 827 பிக்சல் அகலத்தில் அமைந்து, ஏறக்குறைய உள்ளபடியே காட்டப்படுகிறது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஓரளவு நன்றாகத் தெரியும் அதே ஈமேக்ஸில் பழைய நூல் மட்டும் கலங்கித் தெரிவதற்கு இதுவே காரணம்.

புள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 10 பாயிண்ட் அளவில் அச்சான எழுத்துக்கு அங்குலத்துக்கு 100 பிக்சல் கணக்கில் கிடைக்கும் உயரம் 14 பிக்சல் மட்டுமே. மெய்யெழுத்தின் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதற்கு ஒன்றரை பிக்சல்கூடக் கிடைக்காது. ஒன்றரை பிக்சல் அகலமுள்ள கருமை, விரித்துக் காட்டும்போது சாம்பல் நிறக் கறையாகிவிடும்; பழுப்பேறிய தாளின் கறையிலிருந்து அதைப் பிரித்தறிய எந்தக் கண்ணாலும் முடியாது. ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் வேறுபடுத்தும் சுழிக்கும், எகரத்திலிருந்து ஏகாரத்தைப் பிரிக்கும் சிறு காலுக்கும் இதே கதிதான். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை, னை போன்றவை வளைந்து பிணைந்த வடிவங்களில் வருவதால், அவற்றின் உள்வளைவுகள் குறைந்த அடர்த்தியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏடுகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது என்பதை அறிந்த ஆய்வாளர், அச்சுப் பதிப்பில் புள்ளி விடுபட்டதாகக் குறிப்பெழுதுவதற்கு முன், அதை விட்டது அச்சுக்கோத்தவரா தம் திரையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியவர். ஆகவே இந்த அமைப்பைச் சரிசெய்வதை வெறும் கண்வசதி என்று நான் கருதவில்லை. உங்கள் குறிப்புகளின் நம்பகத்தன்மையே இதைச் சார்ந்திருக்கிறது.

எந்த மதிப்பை வைப்பது என்பதற்கு ஊகம் தேவையில்லை. திரையில் பக்கத்துக்கு நீங்கள் ஒதுக்கும் அகலத்தைப் பிக்சலில் எடுத்து, பக்கத்தின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் போதும். 1920 பிக்சல் திரையில் பாதி 960; அதை 5.5-ஆல் வகுத்தால் சுமார் 175 வருகிறது. அவ்வப்போது ஓரிரு படி பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்பதால் 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடர்த்தியில் மேலே சொன்ன புள்ளிக்கு மூன்று பிக்சல் கிடைக்கும். அது கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும். ஸ்கேன் செய்தவர்கள் பக்க அளவைச் சரியாகப் பதியாமல் விட்டிருக்கக்கூடும் என்பதால், பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் பாப்ளர் கருவித்தொகுப்பில் உள்ள பிடிஎஃப்இன்ஃபோ என்ற கட்டளையைக் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது பக்க அளவைப் பாயிண்டில் சொல்லும். 396க்கு 612 என்று வந்தால் சரியான டெம்மி அளவு என்று பொருள்.

மதிப்பை மாற்ற, ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தி, கஸ்டமைஸ்-வேரியபிள் கட்டளையைக் கொடுத்து, டாக்-வியூ-ரெசல்யூஷன் என்ற பெயரைத் தட்டச்சு செய்து, எண்ணை மாற்றிச் சேமியுங்கள். பிறகு டாக்-வியூ-கிளியர்-கேஷ் கட்டளையால் பழைய படங்களை நீக்கிவிட்டுக் கோப்பை மூடித் திறவுங்கள். பெரிய ஆங்கில டபிள்யூ எழுத்தை அழுத்தினால் பக்கம் சாளரத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

தெளிவு கூடுகிறதே என்று 600க்கு ஏற்றிவிடாதீர்கள். அப்போது ஒரே ஒரு டெம்மிப் பக்கம் 3300க்கு 5100 பிக்சல் படமாகி, நினைவகத்தில் விரியும்போது சுமார் 67 எம்பி இடத்தைப் பிடிக்கும். 220இல் அது 9 எம்பியைச் சற்றே தாண்டும். போதாததற்கு, டாக்வியூ நூலின் எல்லாப் பக்கங்களையும் படமாக்கித் தற்காலிக அடைவில் எழுதிவைக்கிறது. அந்த அடைவு நினைவகத்திலேயே அமைந்திருக்கும் கணினிகளில், நானூறு பக்க நூலொன்றைத் திறந்தாலே மற்ற வேலைகள் முடங்கத் தொடங்கும். பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் பக்கங்களைப் புதிதாக வரையச் செய்யும் வசதியும் உண்டு. டாக்-வியூ-ஸ்கேல்-இன்டர்னலி என்ற மாறியை அணைத்தால் அது நடக்கும். ஆனால் பெரிய நூல்களில் காத்திருந்தே நேரம் கழியும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

டெபியனில் மியூபிடிஎஃப் கருவிகள் அடங்கிய தொகுப்பை நிறுவிக்கொண்டால், டாக்வியூ கோஸ்ட்ஸ்கிரிப்டை விட்டுவிட்டு அதையே பயன்படுத்தும். பக்கங்களும் விரைவாகத் தயாராகும். புதிய ஈமேக்ஸ் பதிப்புகளில் மியூபிடிஎஃப் வழியாக எஸ்விஜி என்ற, பிக்சல்களாக அன்றிக் கோடுகளாக அமைந்த படமாகப் பெறும் தேர்வும் இருக்கிறது. கணினியிலேயே தட்டச்சாகி பிடிஎஃப் ஆன கட்டுரைகளுக்கு அது எந்த அளவிலும் கூர்மை குறையாத எழுத்தைத் தரும். ஸ்கேன் பக்கம் எப்படியும் ஒளிப்படமே என்பதால் உங்கள் நூல்களுக்கு அதனால் பயன் இல்லை.

அடுத்ததாக, மூலத்தின் தரத்தையும் பார்த்துவிடுங்கள். பாப்ளர் தொகுப்பிலேயே உள்ள பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையைப் பட்டியலிடும் தேர்வோடு ஓட்டினால், ஒவ்வொரு பக்கமும் அங்குலத்துக்கு எத்தனை பிக்சலில் ஸ்கேன் ஆகியிருக்கிறது என்று தெரியும். 300 என்று இருந்தால் மேலே சொன்ன 220 அமைப்பு உங்களுக்குத் தெளிவான பக்கத்தைக் கொடுக்கும். 100 அல்லது 120 என்று இருந்தால் ஈமேக்ஸில் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை, ஏனெனில் புள்ளி கோப்பிலேயே பதிவாகவில்லை. அத்தகைய பக்கங்களில் ஐயமுள்ள இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு மூலநூலை நேரில் பார்ப்பதுதான் சரியான வழி. எழும்பூர் கன்னிமாரா நூலகமும் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன என்பது சென்னையில் ஆய்வு செய்பவர்களுக்கு வாய்த்த நல்லூழ்.

மானிட்டரைப் பற்றியும் கணக்குப் பார்த்தே முடிவெடுக்கலாம். டெம்மிப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை ஒரே பார்வையில் காண விரும்பினால், 1080 பிக்சல் உயரமுள்ள உங்கள் திரையில் அங்குலத்துக்கு அதிகபட்சம் 127 பிக்சல்தான் கிடைக்கும். ஈமேக்ஸின் கீழ்ப்பட்டையைக் கழித்தால் அதுவும் குறையும். 4கே திரையின் உயரம் 2160 பிக்சல் என்பதால் அதில் 254 வரை கிடைக்கும். ஆகவே முழுப்பக்கத்தையும் ஒருங்கே வைத்துச் சரிபார்ப்பவருக்கு 4கே உண்மையிலேயே உதவும். பாதிப் பக்கமாக உருட்டிப் படிப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் மலிவான வழியொன்றும் இருக்கிறது: இப்போதுள்ள மானிட்டரையே செங்குத்தாகத் திருப்பி நிறுத்தினால் அகலம் 1080, உயரம் 1920 ஆகி, முழு டெம்மிப் பக்கமும் அங்குலத்துக்கு 196 பிக்சல் அடர்த்தியில் ஒரே பார்வையில் அடங்கும். அது அச்சுப் பக்கத்தைவிட இரு மடங்கு பெரிதாகவும் இருக்கும். குறிப்பெடுக்கும் சாளரத்தை மடிக்கணினித் திரைக்கு மாற்றிக்கொள்ளலாம். மானிட்டரின் பின்புறம் தாங்கியைத் திருகிப் பொருத்துவதற்கான, வீசா (VESA) எனப்படும் துளைகள் நான்கு இருந்தால், திருப்பக்கூடிய தாங்கி ஒன்றே போதும்.

ஒருவேளை 4கே வாங்கினீர்களானால், புதிதாக ஒரு மங்கல் வரக்கூடும் என்பதையும் அறிந்திருங்கள். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் திரை அளவை 125 அல்லது 150 விழுக்காடு என்று பின்னமாக வைத்தால், பழைய எக்ஸ் முறையில் இயங்கும் ஈமேக்ஸின் சாளரம் முழுவதும், நீங்கள் தட்டச்சு செய்யும் எழுத்துகள் உட்பட, விரிக்கப்பட்டு மங்கலாம். இதற்கு டாக்வியூ பொறுப்பல்ல. 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29 முதல் வேலண்டில் நேரடியாக இயங்கும் பியூர்-ஜிடிகே கட்டமைப்பு கிடைக்கிறது. அதை நிறுவினால் எழுத்து கூர்மையாகும்.

நாள்தோறும் பல மணி நேரம் ஸ்கேன் நூல்களோடு இருப்பவர் என்ற முறையில், நீங்கள் டாக்வியூவைக் கடந்து பிடிஎஃப்-டூல்ஸ் என்ற கூடுதல் தொகுப்புக்கு மாற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது பாப்ளர் நூலகத்தைப் பயன்படுத்தும் சிறு துணை நிரல் ஒன்றைப் பின்னணியில் ஓட்டி, நீங்கள் பார்க்கும் பக்கத்தை மட்டும், பார்க்கும் அளவுக்கு ஏற்ப, அவ்வப்போது வரைந்து வாங்குகிறது. ஆகவே எந்த எண்ணையும் கணக்கிட்டு வைக்க வேண்டிய அவசியம் இல்லை, தற்காலிக அடைவும் நிரம்பாது. பெரிதாக்கினாலும் மூலத்தில் உள்ள தெளிவு அப்படியே வரும். பக்கத்தின் மேலேயே குறிப்பு எழுதிக் கோப்போடு சேமிக்கும் வசதியும் இருப்பதால், ஐயமுள்ள புள்ளிகளை அங்கேயே குறித்துவைக்கலாம். டெபியனில் எல்பா-பிடிஎஃப்-டூல்ஸ் தொகுப்பையும் அதன் சர்வர் தொகுப்பையும் நிறுவி, ஈமேக்ஸில் பிடிஎஃப்-டூல்ஸ்-இன்ஸ்டால் என்று ஒருமுறை கட்டளையிட்டால் வேலை முடிந்தது. அதில் உள்ள மிட்நைட் என்ற இருள்நிற அமைப்பு இரவில் கண்ணுக்கு இதமானதே. ஆனாலும் பழைய அச்சின் மெலிந்த கோடுகள் அதில் இன்னும் மங்கும் என்பதால், எழுத்தைச் சரிபார்க்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

பிடிஎஃப்-டூல்ஸ் வந்த பிறகும் டாக்வியூவை முற்றிலும் கைவிட முடியாது. பழைய ஸ்கேன் நூல்கள் சில டிஜேவியூ வடிவில் கிடைக்கின்றன. அவற்றையும், லிப்ரெஆஃபிஸ் துணையோடு படமாக மாற்றிக் காட்டப்படும் ஓடிடி (ODT), டாக்ஸ் (DOCX) ஆவணக் கோப்புகளையும் திறப்பது டாக்வியூதான். ஆகவே டாக்-வியூ-ரெசல்யூஷன் மாறியில் நீங்கள் சேமித்த 220 என்ற மதிப்பை மாற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள்.