தோட்ட வேலைக்குப் பிறகு பாய்சன் ஐவி பட்டுக் கையெல்லாம் கொப்புளம். இது பரவுமா, நம்மூர் வைத்தியம் ஏதாவது கேட்குமா?

சனிக்கிழமை வேலியோரம் பாய்சன் ஐவி என்கிற நச்சுக் கொடியைப் பிடுங்கினீர்கள், திங்கட்கிழமை முழங்கையில் அரிப்பு, புதன்கிழமை வயிற்றிலும் வந்துவிட்டது. "கொப்புளத்துத் தண்ணீர் பட்டுப் பரவுகிறதா, குழந்தையைத் தூக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கலாம். சோப்புப் போட்டுக் குளித்து, அன்று போட்டிருந்த துணியையும் துவைத்துவிட்டீர்கள் என்றால் தாராளமாகத் தூக்கலாம். கொப்புளத்துக்குள் இருப்பது உங்கள் உடம்பில் ஊறிய நீர். அதில் செடியின் நஞ்சு கிடையாது.

நான் மருத்துவர் இல்லை. நியூ ஜெர்சியில் பின்பக்கம் காட்டை ஒட்டிய வீடு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, ஐந்து வருடத்தில் மூன்று முறை இதில் மாட்டியவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டாலோ, மறைவிடத்தில் வந்தாலோ, காய்ச்சலோ சீழோ இருந்தாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

முதல் முறை ஒரு மே மாதம். பின்னால் இருந்த ஓக் மரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கொடி ஏறியிருந்தது. உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சிக்கு இருப்பதுபோலச் சடை சடையாக வேர். மரத்தை நெரிக்கிறதே என்று அரைக்கைச் சட்டையோடு, வெறுங்கையால், கிணற்றுக் கயிறு இழுக்கிற மாதிரி கையில் சுற்றிச் சுற்றி இழுத்தேன். சாயங்காலம் கையை வெறும் தண்ணீரில் அலம்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முன்கையில் விளக்குமாற்றுக் குச்சியால் அடித்தாற்போலக் கோடு கோடாகச் சிவப்பு. அந்தக் கோட்டின் மேல் மணி கோத்ததுபோலக் கொப்புளம். இந்தக் கோடுதான் இதன் அடையாளம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இலையோ தண்டோ தோலில் உரசிப் போன தடம் அது.

மனைவி வேர்க்குரு என்றாள். கடலூர்ப் பக்கம் இருக்கிற அம்மா வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "இது அக்கிப்பா. குயவர் வீட்டுல போய் காவி எழுதிக்கிட்டா மூணு நாள்ல காயும்" என்றார். இங்கே குயவருக்கு எங்கே போவது? அக்கி என்பது சின்னம்மை வைரஸால் வருவது, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கமாகவே வரும். எனக்கோ இரண்டு கையிலும், கழுத்திலும், சாட் பூட் த்ரீ விளையாடின மாதிரி அங்கங்கே. சரி, வீட்டில் இருப்பதைப் போடுவோம் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம். ஈரமாக இருக்கும்வரை சுகம். காய்ந்து இறுகியதும் அரிப்பு இரண்டு மடங்கு. மெத்தை விரிப்பில் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. மூன்று வாரத்தில் தானாகக் காய்ந்தது. மஞ்சள்தான் குணமாக்கியது என்று அம்மா இன்றும் சொல்கிறார். எதுவும் போடாமல் விட்டிருந்தாலும் அதே மூன்று வாரம்தான் ஆகியிருக்கும் என்பது என் கட்சி.

நடப்பது இதுதான். செடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்று ஒரு பிசின் எண்ணெய் இருக்கிறது. அது தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரி என்று நினைத்துத் திரண்டு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். வாழ்க்கையில் முதல் முறை படுகிறவர்களுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். எண்ணெய் அதிகம் பட்ட இடத்திலும் தோல் மெல்லிய இடத்திலும் முதலில் கிளம்பும், மற்ற இடத்தில் தாமதமாக. அதனால்தான் பார்க்கிறவருக்குப் பரவுவதுபோல் தெரிகிறது. உங்கள் வயிற்றில் வந்ததும் சனிக்கிழமை சட்டையைத் தூக்கி வியர்வை துடைத்தபோது பட்டதாக இருக்கலாம்.

ஆனால் நிஜமாகவே புதிது புதிதாக வருவதும் உண்டு. அப்படி வந்தால் எண்ணெய் வீட்டில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் மூன்றாவது முறை அப்படித்தான். கொடியையே தொடவில்லை, ஆனாலும் விரல் நுனிகளில் வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்தது ஷூ கயிறு. போன வருடம் தோட்டத்தில் போட்ட பழைய ஷூ. அதன் கயிற்றில் எண்ணெய் மாதக்கணக்காக அப்படியே இருந்திருக்கிறது. இந்த எண்ணெய் எளிதில் ஆவியாகாது, கெட்டும் போகாது. கத்தரி, கையுறை, கார் ஸ்டியரிங், கைப்பேசி உறை எல்லாவற்றையும் ரப்பிங் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அப்புறம் நாய். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ரோமம் காப்பாற்றிவிடும். ஆனால் புதரில் புரண்டுவிட்டு வந்து உங்கள் மடியில் படுத்தால் அந்த எண்ணெய் உங்களுக்குத்தான். கையுறை போட்டுக்கொண்டு குளிப்பாட்டுங்கள்.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு செலவில்லாமல் பலன் தருவது அது ஒன்றுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெறும் தண்ணீரை ஊற்றினால் நல்லெண்ணெய் போகுமா? சீயக்காயைப் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். இதுவும் அப்படித்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் என்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். நல்லெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டு, வழக்கமாக எப்படிக் கழுவுவேனோ அப்படிச் சோப்புப் போட்டுக் கழுவினேன். உள்ளங்கை சுத்தம். விரல் இடுக்கு, மணிக்கட்டின் வெளிப்பக்கம், நகத்தைச் சுற்றி, கடிகாரப் பட்டை இருந்த இடம் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். முதல் தடவை எனக்குக் கொப்புளம் வந்த இடங்களில் பாதி அதிலேயே வந்துவிட்டது.

ஆகவே பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம், ஒரு பழைய துண்டு, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர். துண்டால் தேய்த்து, அலசி, மறுபடி சோப்பு, மறுபடி தேய்ப்பு. மூன்று முறை. முதல் 10, 15 நிமிடத்துக்குள் செய்தால் நல்ல பலன். ஒரு மணி நேரம் போனால் பெரும்பகுதி தோலில் ஏறியிருக்கும், ஆனாலும் கழுவுங்கள், மிச்சம் மற்ற இடத்துக்குப் போகாமல் இருக்கும். டெக்னூ போன்ற தனிக் கழுவு திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. நல்லவைதான், ஆனால் பாத்திர சோப்பை விடப் பிரமாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. கழுவுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள், இருக்கிற எண்ணெயைக் கரைத்துக் கையெல்லாம் இழுத்துவிடும்.

உங்களுக்கு இந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இப்போது அரிப்புதான் பிரச்சினை. ஈரத் துணி ஒத்தடம், அரிப்புக்குப் பூசும் காலமைன் லோஷன், ஓட்ஸ் பொடி கரைத்த தண்ணீரில் கையை ஊறவைப்பது, இந்த மூன்றும் எனக்குக் கேட்டன. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு ரொம்பச் சாது, கொப்புளம் கிளம்பிய பிறகு பெரிதாக எதுவும் செய்யாது. அலர்ஜி மாத்திரை அரிப்பைவிடத் தூக்கத்துக்குத்தான் உதவியது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொண்டால் இரண்டு நிமிடம் சொர்க்கம், அரை மணி கழித்து நரகம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு மாத்திரைதான் வழி, அதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இரண்டாவது முறை டிசம்பரில், இலையே இல்லாத மொட்டைக் கொடியை வெட்டியதால் வந்தது. இலை இல்லாவிட்டால் என்ன, தண்டில் எண்ணெய் இருக்கிறதே. பக்கத்தில் அர்ஜென்ட் கேர் என்கிற அவசரச் சிகிச்சை கிளினிக் ஒன்றில் ஆறு நாள் மாத்திரை அட்டை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கை பட்டுபோல ஆகிவிட்டது. மாத்திரை முடிந்து இரண்டாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது, வட்டியோடு. பிறகு பார்த்த தோல் மருத்துவர், இதற்கு இரண்டு மூன்று வாரம், படிப்படியாகக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், அவசரமாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். உங்களுக்குக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும்.

மிச்சக் கொடியை என்ன செய்வது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கொளுத்தாதீர்கள். புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நைலான் நரம்பு சுழன்று புல் வெட்டுகிற இயந்திரத்தாலும் அடிக்காதீர்கள், சாறு தெறிக்கும். தடித்த வினைல் கையுறை, முழுக்கைச் சட்டை, வேரோடு எடுத்து பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில். மெல்லிய ரப்பர் கையுறையை இந்த எண்ணெய் ஊடுருவிவிடும். அடையாளம் மூன்று சிற்றிலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். ஐந்து சிற்றிலை இருந்தால் அது வர்ஜீனியா கிரீப்பர், பெரும்பாலும் சாது.

நம்மூரில் இந்தச் செடி இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள் உண்டு. சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் இதே குடும்பம். சலவைக்குப் போகும் வேட்டி முனையில் கறுப்பாகக் குறி போடுவார்களே, அது சேராங்கொட்டைப் பால். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப்பட்டையில் அந்தக் குறி இருந்த இடத்திலேயே தோல் வெந்துபோனது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு ஓட்டுப்பால் என்ன செய்யும் என்று தெரியும். என் பாட்டி சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். 1982-ல் பென்சில்வேனியாவில் சிறுவர் பேஸ்பால் அணிகளுக்கு நிதி திரட்ட விற்ற முந்திரியில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்து, வாங்கித் தின்றவர்களுக்குத் தடிப்பு வந்த கதையும் இங்கே உண்டு.

சின்ன வயதில் மாம்பால் பட்டு உதட்டோரம் வெந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், இதுவும் கொஞ்சம் பலமாகவே தாக்கலாம். எனக்கு அது தலைகீழாக நடந்தது. ஐவியில் மூன்று முறை அடிபட்ட பிறகு, போன கோடையில் மாம்பழத்தைத் தோலோடு கடித்தேன், இரண்டு நாள் கழித்து உதடு வீங்கியது. தோலில்தான் வம்பு, உள்ளே சதையில் இல்லை. இப்போது மனைவி தோல் சீவித் துண்டு போட்டு எனக்குக் கிண்ணத்தில் வைக்கிறாள். கொட்டையைச் சப்புகிற உரிமை அவளுக்குப் போய்விட்டது.